கிணற்றுக்குச் சொல்ல வேண்டிய கனவு

நான் கலியாணம் முடித்துப் போன வீட்டில், விடிந்ததும் மாமி என்னைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி இது: "பிள்ளை, என்ன கண்டனீ?" நான் முகம் கழுவியிருக்கமாட்டேன். தலைமயிர் அவிழ்ந்து கிடக்கும். கிணற்றடியில் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்தக் கோலத்தில் நின்றே இரவு கண்ட கனவை ஒப்புவிக்க வேண்டும். முதல் வாரம் எனக்கு நல்ல எரிச்சல். நித்திரையில்கூட ஒரு மனுசியைத் தனியே விடமாட்டார்களா என்று நினைத்தேன்.

அது எண்பத்துமூன்றாம் ஆண்டின் தொடக்கம். எங்கள் பக்க வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது. ஆனால் உடுப்பிட்டியில் எனக்கென்று கட்டத் தொடங்கிய சீதன வீடு யன்னல் மட்டத்தோடு நின்றுவிட்டது. மாமி விதவை, இவர் ஒரே மகன். ஆகவே தெல்லிப்பழைக்குப் பக்கத்தில் இருந்த அவர்களுடைய வீட்டுக்கு நான் போனேன். இவர் கொழும்பில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தார். அந்த வருடம் ஆடியில் கொழும்பு எரிந்தபோது கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை, காலில் யாரோ ஒருவருடைய செருப்பு. அதற்குப் பிறகு அவர் கொழும்புக்குத் திரும்பிப் போகவில்லை. தகப்பன் விட்டுப்போன தோட்டத்தில் வெங்காயம் நட்டார், புகையிலை நட்டார். கந்தோர்க் கை மண்வெட்டிக்குப் பழக ஒரு வருடம் எடுத்தது.

மாமிக்குக் கனவு விளையாட்டான காரியம் அல்ல. குசினிச் சுவரில் ஓர் ஆணியில் பஞ்சாங்கம் தொங்கும். அதன் பின்பக்கங்களில் கனாப் பலன் இருக்கும். வெள்ளைப் பசு வீட்டுக்குள் வந்தால் நல்லது. பாம்பு கடித்தால் பீடை கழிந்தது, கடிக்காமல் துரத்தினால் சனி பிடித்திருக்கிறது. யானை துரத்தினால் பிள்ளையாருக்கு வைத்த நேர்த்தி ஏதோ பாக்கி. எருமை வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். மாமிக்குக் கண் மங்கல் என்பதால் அந்தப் பக்கங்களை வாசிப்பது என் வேலையாயிற்று.

கனவைச் சொல்வதற்கும் ஒரு முறை இருந்தது. நல்ல கனவை நம்மில் பட்சமுள்ள ஒருவரிடம் சொல்ல வேண்டும். கெட்ட கனவை மனிதர் காதில் போடக் கூடாது. ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கிணற்றுக் கட்டின்மேல் குனிந்து தண்ணீருக்குச் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் அதைக் கரைத்துவிடும். சொல்லி முடிக்கும்வரை வேறு யாரும் வாளி போடக் கூடாது. இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று நான் ஒருநாள் கேட்டேன். "புத்தகத்திலை இல்லாததுதான் கனக்க" என்றார் மாமி.

மீன் கண்டால் வயிற்றில் பிள்ளை என்று பலன். நான் மீனாகவே கண்டுகொண்டிருந்தேன். மச்சம் மாமிசம் வாசற்படலைக்குள் வராத வீட்டில் இத்தனை மீன் எங்கேயிருந்து வருகிறது என்று இவர் கேலி பண்ணுவார். "இந்த வீட்டிலை நித்திரை கொள்ளுறதும் ஒரு உத்தியோகம்தான்" என்பார். தனக்குக் கனவே வருவதில்லை என்று சாதிப்பார். வருடங்கள் போயின, பிள்ளை வரவில்லை. பிறகு நான் மீன் கண்டாலும் வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பழகினேன். கனவைத் திருத்திச் சொல்லும் பழக்கம் எனக்கு அங்கேதான் தொடங்கியது.

பிள்ளைக்குப் பதிலாக என்று சொல்லக் கூடாதுதான், ஆனாலும் எங்களிடம் ஒரு பசு இருந்தது. என் அம்மா வீட்டிலிருந்து கன்றாகக் கொண்டுவந்தது. செவலை நிறம், நெற்றியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. கழுநீர் வாளியோடு நான் கொட்டிலுக்குப் போனால் வாளியை விட்டுவிட்டு முதலில் என் கையை நக்கும். அரம் மாதிரியான நாக்கு. சாப்பிட்டாயா, குடித்தாயா என்று அதனோடு நான் கதைப்பதைப் பக்கத்து வளவுக்காரர்கள் வேலியால் எட்டிப் பார்த்துச் சிரித்தது எனக்குத் தெரியும். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியது. மூன்றாம் நாள் செல் குண்டு எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள்ளேயே வந்து விழுந்துவிட்டது. ஊர் கிளம்பியது. இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்த நம்பிக்கையில், கொடியில் காயப்போட்ட உடுப்பைக்கூட எடுக்காமல் போனவர்கள் உண்டு. ஆனால் ஆடு மாட்டை அவிழ்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கட்டின மாடு கட்டிலேயே செத்தால் அந்தப் பாவம் கட்டினவரை விடாது. சிறு பிள்ளைக்கும் அது தெரியும்.

இவர் மாமியைச் சைக்கிள் கரியரில் ஏற்றினார். "நான் அம்மாவைச் சந்தியிலை இறக்கிப்போட்டு நிக்கிறன். நீர் மாட்டை அவிட்டுவிட்டிட்டுப் பின்னாலை வாரும்" என்றார்.

நான் கொட்டிலுக்குப் போனேன். முடிச்சில் கையும் வைத்தேன். பசு அப்போது சினையாக இருந்தது, ஐந்தாம் மாதம். அவிழ்த்துவிட்டால் எங்கே போகும், யாருடைய தோட்டத்தில் விழும், யார் பிடித்துக் கட்டுவார்கள் என்று மனம் ஓடியது. பிடித்துக் கட்டுபவன் திருப்பித் தருவானா? இரண்டு நாள்தானே. முடிச்சிலிருந்து கையை எடுத்தேன். தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினேன். இருந்த வைக்கோல் முழுவதையும் அள்ளிப் போட்டேன். அது என் கையை நக்கியது. படலையைச் சாத்திக்கொண்டு ஓடினேன்.

சந்தியில் இவர் கேட்டார். "அவிட்டனீரே?"

"ஓம்" என்றேன்.

அதைச் சொன்னபோது பொய் சொல்கிறேன் என்றுகூட எனக்குப் படவில்லை. இரண்டு நாளில் போய்விட்டால் அது பொய்யாகவே இராது என்று நினைத்திருந்தேன்.

மானிப்பாய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் போய் இருந்தோம். ஒரு வகுப்பறைக்கு ஏழு குடும்பம். இரண்டு நாள் மூன்றாயிற்று. வடக்கே சத்தம் குறையவில்லை. ஒவ்வொரு முறை நான் தண்ணீர் குடிக்கும்போதும் அந்தத் தொட்டி கண்முன்னே வரும். இரண்டு வாளித் தண்ணீர் எத்தனை நாளைக்குக் காணும் என்று மனதுக்குள் கணக்குப் பார்ப்பேன். இவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

நாலாம் நாள் விடியப்புறம் கனவு கண்டேன். பசு காய்ந்த தொட்டியை நக்கிக்கொண்டு நிற்கிறது. கல்லில் நாக்கு உரசுகிற சத்தம். அவ்வளவுதான் கனவு. வேறு எதுவும் நடக்கவில்லை. விழித்த பிறகும் அந்தச் சத்தம் காதில் இருந்தது.

இது தண்ணீருக்குச் சொல்ல வேண்டிய கனவு என்பது எனக்குத் தெரிந்தது. எழும்பிப் பள்ளிக்கூடக் கிணற்றடிக்குப் போனேன். அங்கே ஐம்பது பேர் வாளியும் குடமுமாக வரிசையில் நின்றார்கள். அந்தச் சனத்துக்கு நடுவில் குனிந்து நின்று கிணற்றோடு கதைக்க என்னால் முடியவில்லை. வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. பின்னால் நின்றவள் கெதியாக அள்ளும்படி சினந்தாள். அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

வகுப்பறை வாசற்படியில் மாமி இருந்தார். பக்கத்தில் இவர் நிலத்தில் குந்தியிருந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மாமி வழக்கம்போலக் கேட்டார். "பிள்ளை, என்ன கண்டனீ?"

நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நாலு நாளாக அடக்கி வைத்தது என்னைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது. பசு காய்ந்த தொட்டியை நக்குகிறது என்றேன். கயிற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மாமி கண்ணை மூடி யோசித்தார். பஞ்சாங்கம் வீட்டில் கிடந்தது. "பசு தண்ணி கேட்டால் பிதிர் கேக்கிற மாதிரி. மாமாவின்ரை திதி நெருங்குது எல்லே. அந்த மனுசன் தண்ணி கேக்குது" என்றார்.

இவர் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கனவே காணாத மனுசன், பலன் சொல்லுகிறவர்களைக் கேலி பண்ணுகிற மனுசன். ஒரு பார்வையில் எல்லாவற்றையும் வாசித்துவிட்டார்.

"நீர் அவிட்டனீரே?"

நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் தரம் அவர் கேட்கவுமில்லை. எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார். என்மேல் கோபப்பட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "மத்தியானத்துக்குள்ளை வந்திடுவன்" என்று மட்டும் சொன்னார். படியில் இருந்த மாமியிடம் குனிந்து ஏதோ சொன்னார். போயிட்டு வாறன் என்று சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டில் அவருடைய பங்கை எடுத்து மூடி வைத்தேன். பின்னேரம் அதில் எறும்பு பிடித்தது. எறும்பைத் தட்டிவிட்டு மறுபடி மூடி வைத்தேன்.

அன்று வடக்குப் பக்கம் செல் விழுந்தபடி இருந்தது. தன் வீட்டைப் பார்க்கப் போய்ப் பாதியில் திரும்பிய ஒருவர், இன்ன சந்தியில் மூடிக் கிடந்த கடைச் சுவரோடு அந்தச் சைக்கிள் சாத்தியிருந்ததைக் கண்டதாகச் சொன்னார். அங்கேயிருந்து நடந்து போயிருக்க வேண்டும். அதற்கு மறுநாள் அந்தப் பக்கம் யாரும் போகமுடியாமல் ஆயிற்று. ஆசுபத்திரிகளில் கேட்டேன். வேறு முகாம்களில் கேட்டேன். உயிரோடு கண்டவரும் இல்லை, சடலமாகக் கண்டவரும் இல்லை. பசுவைக் கண்டவரும் இல்லை. கொட்டில்வரை போனாரா, முடிச்சை அவிழ்த்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

கோண்டாவிலில் ஒரு வீட்டின் பின்னறை கிடைத்தது. மாமியும் நானும் ஐந்து வருடம் அதில் இருந்தோம். நான் அக்கம்பக்கத்தாருக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்தேன். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெயும் அருந்தலாக இருந்தது, ஜாம் போத்தல் விளக்கில் திரியை இறக்கி வைத்துக்கொண்டு சீவியம் நடந்தது. ஆனால் சித்திரை பிறந்தால் மாமி எப்படியாவது புதுப் பஞ்சாங்கம் எடுப்பித்துவிடுவார். அதையும் ஓர் ஆணியில் தொங்கவிட்டோம். விடிந்தால் அதே கேள்வி. "பிள்ளை, என்ன கண்டனீ?"

என் கனவில் பசுதான் வந்துகொண்டிருந்தது. நான் அதைத் திருத்திச் சொன்னேன். செவலையை வெள்ளையாக்கினேன். கயிற்றை எடுத்துவிட்டேன். காய்ந்த தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன். பசு படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது என்றேன். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்து நானே வாசித்தேன்: போனவர் வருவார், தொலைந்தது கிடைக்கும். மாமி கேட்டுக்கொண்டிருப்பார். கேட்ட பிறகு எழும்பி வந்து என் நெற்றிப் பொட்டைப் பார்ப்பார். அழிந்திருந்தால் திருத்தச் சொல்லுவார்.

அந்தக் காலையைப் பற்றி, பள்ளிக்கூட வாசற்படியைப் பற்றி மாமி ஒரு நாளும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஏன் அவன் அப்படி எழும்பிப் போனான் என்றுகூடக் கேட்கவில்லை. கண் மங்கல், காதும் மந்தம், நடந்தது விளங்கவில்லை என்று நான் முடிவு கட்டினேன். அந்த முடிவு எனக்கு வசதியாக இருந்தது. வசதியாக இருந்ததற்காக இரவில் அழுவேன்.

திருத்தாத கனவுகளை எங்கே வைப்பது? அந்த வீட்டுக் கிணறு நாலு குடும்பத்துக்குப் பொது, எந்த நேரமும் யாராவது குளிப்பார்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்த பழைய சோதனைத் தாள்களைக் குத்தித் தைத்து ஒரு கொப்பியாக்கினேன். கண்டதைக் கண்டபடி அதில் எழுதினேன். யாரும் பார்க்காதபடி துணிவெட்டுகளுக்கு அடியில் வைத்தேன்.

ஒரு வருடத்தில் கொப்பி நிரம்பியது. ஒருநாள் தைக்க வேலையில்லாமல் இருந்தபோது முதலிலிருந்து வாசித்துப் பார்த்தேன். பசு மட்டுமல்ல, வேறு சீவன்களும் வந்திருந்தன. வேலியில் கட்டிய வெள்ளாடு. காலில் நூல் சுற்றிய கொக்கு, கடல்நீரேரியில் ஒற்றைக் காலில் நிற்கிறது. கோயில் மணிக்கயிற்றில் சுற்றிக்கொண்ட பாம்பு. ஒரு கனவில் பனைமரத்தைக்கூட யாரோ கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். பனை எங்கே ஓடிவிடப் போகிறது என்று எனக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்தது. பிறகுதான் கவனித்தேன். எல்லாக் கனவிலும் கயிறு இருந்தது. எல்லாக் கனவிலும் முடிச்சுக்குப் பக்கத்தில் என் கை இருந்தது. ஒன்றில்கூட அந்தக் கை அவிழ்க்கவில்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது, அல்லது இறுக்கியது.

அதுவரை பசு என்றால் இவர் என்று நினைத்திருந்தேன். சிலநேரம், என்னைக் கணக்குக் கேட்க வருகிற பாவம் என்று நினைத்தேன். அந்தக் கொப்பியைப் படித்த அன்று பசுவை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தேன். பிடித்தது எதையும் விட மனம் வராமல் கட்டி வைக்கிறவள் நான். கட்டி வைத்துத் தொட்டி நிறையத் தண்ணீரும் ஊற்றிவிட்டு, அதைப் பாசம் என்று நினைத்துக்கொள்வேன். பசுவுக்கு அப்படித்தான் செய்தேன். இப்போது மாமிக்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வெள்ளைப் பசு, நிறைந்த தொட்டி, போனவர் வருவார். தினமும் விடிந்ததும் புது வைக்கோல் போட்டேன். மகனுக்காக அந்த மனுசி அழக்கூட நான் விடவில்லை.

இது விளங்கியதும் மறுநாளே போய் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. சொன்னால் என்னை விட்டுவிடுவார் என்று பயந்தேன். எனக்கு அப்போது இருந்தது அந்த ஒரு மனுசிதான். இன்னும் மூன்று வருடம் வெள்ளைப் பசுவே வந்தது.

தொண்ணூற்றைந்து ஐப்பசி முடிவில் ஒரு பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கையால் போனது. ஆமி நெருங்குகிறது, எல்லோரும் வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போகும்படி சொன்னது. ஒரு மணித்தியாலத்தில் வீட்டுக்காரர் போய்விட்டார்கள், மற்றக் குடும்பங்களும் போய்விட்டன. மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒழுங்கை முழுவதும் சனம் நகர்கிற சத்தம். மாமி அசையமாட்டேன் என்றார்.

"அவன் வந்தால் இஞ்சைதான் வருவான். பாலத்துக்கு அங்காலை போனால் அவனுக்கு எங்களை எப்பிடித் தெரியும்? நீயே சொன்னாய், பசு இந்தப் படலையாலைதான் வந்தது எண்டு. நீ போ பிள்ளை. நான் இருக்கிறன்."

கெஞ்சினேன், ஏசினேன், கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். அறுபத்தெட்டு வயதுக் கிழவிக்கு அன்று எங்கேயிருந்து அவ்வளவு பலம் வந்ததோ தெரியவில்லை. விடியும்வரை இருவரும் கண் மூடவில்லை.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. ஒழுங்கையில் சத்தமே இல்லை. நான் கிணற்றடியில் நின்றேன். மாமி அறை வாசலில் வந்து நின்று, ஊரே போன பிறகும், அதே கேள்வியைக் கேட்டார்.

"பிள்ளை, என்ன கண்டனீ?"

"நான் நித்திரை கொள்ளேல்லை மாமி" என்றேன். பிறகு சொன்னேன். "பசு வெள்ளை இல்லை. ஒரு நாளும் வெள்ளைப் பசு வரேல்லை. எங்கடை செவலைதான் வாறது. கழுத்திலை கயிறு கிடக்கும். அண்டைக்கு நான் அவிட்டுவிடேல்லை. அவிட்டனான் எண்டு அவரிட்டைப் பொய் சொன்னனான். அதை அவிட்டுவிடத்தான் அவர் போனவர். பசு வீட்டுக்கை வந்தது எண்டதெல்லாம் நான் கட்டினது. அவர் வரமாட்டார் மாமி. என்னாலைதான்."

மாமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"தெரியும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"அண்டைக்கே தெரியும். நான் பிதிர் எண்டு பலன் சொன்னன், அது பிழை. அவன்தான் சரியாச் சொன்னவன். போகேக்கை என்ரை காதுக்கை என்ன சொன்னவன் தெரியுமே? 'அம்மா, அவளிட்டை ஒண்டும் கேக்காதேங்கோ. அவள் அந்த மாட்டிலை உயிர்' எண்டவன். அதுதான் அவன் கடைசியாச் சொன்னது."

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். ஐந்து வருடம். அந்த ஒரு வசனத்தை மாமி மடியில் முடிந்து வைத்திருந்தார். அதைக் கேட்டிருந்தால் நான் எத்தனை இரவு நித்திரை கொண்டிருப்பேன். "ஏன் மாமி எனக்குச் சொல்லேல்லை?" என்று கத்தினேன். வெறும் ஒழுங்கையில் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"நீ சொல்லாமல் நான் எப்பிடிச் சொல்லுறது? கேக்காதேங்கோ எண்டு போட்டுப் போனவன். பிள்ளையின்ரை கடைசிச் சொல். அதாலை நான் கனவை மட்டும் கேட்டன். ஒவ்வொரு நாளும் கேட்டன்தானே."

கேட்டார்தான். ஐந்து வருடம், ஒரு நாளும் தவறாமல். நான்தான் ஒவ்வொரு நாளும் வெள்ளைப் பசுவைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அதையும் அவர் நம்பிக்கொண்டிருந்தார். பொய் என்று ஒரு பாதி மனதுக்குத் தெரிந்துகொண்டே மற்றப் பாதியால் நம்பினாராம். பெற்றவளுக்கு அப்படித்தான் முடியும் என்றார்.

நான் சேலையை எடுத்துப் பையில் அடைத்தேன். மாமி மறுபேச்சில்லாமல் வெளிக்கிட்டார். பஞ்சாங்கம் ஆணியில் தொங்கியது. அவர் அதைப் பார்த்தார், எடுக்கவில்லை. படலையைத் தாண்டும்போது முன்வளவுக் கொட்டிலில் ஒரு கிடாரி கட்டியபடி நின்று கத்தியது. அவசரத்தில் மறந்திருப்பார்கள், அல்லது என்னைப் போல இரண்டு நாளில் வரலாம் என்று நினைத்திருப்பார்கள். மாமி நடப்பதை நிறுத்தினார். நான் பையைச் சேற்றில் வைத்துவிட்டு உள்ளே போனேன். மழையில் ஊறிய முடிச்சு, இலேசில் இளகவில்லை. பல்லாலும் இழுத்தேன். அவிழ்ந்ததும் அந்தக் கிடாரி என்னைத் திரும்பியும் பாராமல் ஒழுங்கையால் போனது. எனக்கு அங்கேதான் அழுகை வந்தது.

நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிச் சாவகச்சேரிக்குப் போய்ச் சேர இரண்டு நாள் எடுத்தது. அறிந்தவர் ஒருவருடைய வளவில் மாமரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டி இருந்தோம். அந்த வளவில் எங்களைப் போலப் பதினாறு குடும்பம். கிணறு ஒன்று. விடிவதற்கு முன்பே வாளிகளை வரிசையில் வைத்துவிடுவார்கள்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் எனக்கு நல்ல நித்திரை. விடியப்புறம் கண்டேன். எங்கள் கொட்டில். பசு இல்லை. இவர் வெறுங்கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு நிற்கிறார். "அவிட்டனீரே?" என்கிறார். "இல்லை" என்கிறேன். "சரி" என்று கயிற்றை ஆணியில் கொழுவுகிறார்.

விழித்தபோது மாமி எனக்கு முன்னமே எழும்பி இருந்தார். கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, இதற்கு என்ன பலன் என்று கேட்டேன். இனிப் பலன் என்ன பலன், முகத்தைக் கழுவிக்கொண்டு வா என்றார். அவருடைய குரல் வேறு மாதிரி இருந்தது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடத்தில் தான் என்ன கண்டார் என்று மாமி ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"நீங்கள் என்ன கண்டனீங்கள் மாமி?" என்றேன்.

அவர் எழும்பினார். கிணற்றடிக்கு மெல்ல நடந்தார். வரிசையை விலக்கிக்கொண்டு போய்க் கிணற்றுக் கட்டை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்தார். முதலில் என்னவோ முணுமுணுத்தார். பிறகு மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. ஐந்து வருடத்துக்குப் பிறகு அவர் அழுத முதல் அழுகை அது. தோள் குலுங்கியது. கிணற்றுக்குள்ளிருந்து அந்தக் குரல் திரும்பி வந்தது.

வரிசையில் முன்னுக்கு நின்றவர் வாளியைத் தூக்கினார். பின்னால் நின்றவர்கள் கெதியாக அள்ளச் சொல்லிச் சினந்தார்கள். நான் ஓடிப்போய் மாமிக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றேன்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். "மாமி கதைச்சு முடிக்கட்டும்."